சனிக்கிழமை விடிய அப்பா சைக்கிள் ஓடுவார்

அன்பு மகனுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நீ வேலை முடிந்து வந்து படுத்திருப்பாய், போன் வெளிச்சம் கண்ணில் அடித்தால் எரிச்சல்படுவாய் என்று தெரியும். ஆனால் அப்பா நித்திரையானால்தான் எனக்குக் கை சும்மா கிடைக்கிறது. அவரால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. இடையில் எழும்பிப் போய் மறுபக்கம் திருப்பிவிட்டு வந்துதான் எழுதுகிறேன், அதனால் வரிகள் அறுந்து அறுந்து வரும். நான் எடுக்கிற அழைப்புக்கு நீ பதில் சொல்வதில்லை. அதுதான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். உன்னோடு வரப்போகிற பெடியளுக்கும் இதை வாசித்துக் காட்டு. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். அவர்களுக்கு ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நீ அனுப்பிய குரல்பதிவை நான் பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்குள் கேட்டேன். "அம்மா, சனிக்கிழமை விடிய வாறம். அப்பாவை உள்ளுக்க விட்டுக் கதவைப் பூட்டுங்கோ. கஜன்ர கை ரெண்டும் இனி அவனுக்கு இல்லை" என்கிறாய். பின்னால் யாரோ ஒருவன், "காலையும் சேர்த்துச் சொல்லு மச்சான்" என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்குள் இரும்பை இரும்பில் தட்டுகிற சத்தமும் கேட்டது. வாள்தானே அது? கராஜில் வேலை பழகப் போன பிள்ளை என்ன பழகியிருக்கிறாய்? பக்கத்தில் இருந்த டீச்சர், "மகனோ? எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டார். "ஓம், நல்ல சுகம்" என்றேன். பிறகு நான்காம் வகுப்புக்குப் போய் என்ன படிப்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

உனக்குச் செய்தி சொன்னவர்கள், கஜன் ஆட்கள் அப்பாவைச் சைக்கிளில் இருந்து விழுத்தி அடித்தார்கள் என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். ஏன் அடித்தார்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நீ வவுனியாவுக்குப் போன பிறகு அப்பாவின் நடை இன்னும் மோசமானது. வாசற்படிக்கு வந்தால் கால்கள் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். குசினிக்குள் வருவதற்குக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உடம்பு முன்னுக்குச் சரியும், கால் மட்டும் வராது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோ மிஸ் ஒரு இளம்பிள்ளை, உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அவளுடைய அறை வாசலிலும் அப்பா அப்படித்தான் மாட்டிக்கொண்டு நின்றார். அவள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, ஓரிடத்தில் நிற்கிற பயிற்சிச் சைக்கிளில் ஏற்றினாள். கால்கள் இரண்டும் மோட்டார் போட்ட மாதிரிச் சுற்றத் தொடங்கின. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "ஐயா, முந்திச் சைக்கிள் ஓடினனீங்களோ?" என்று அவள் கேட்டாள். "ஓடாமல்? நெல்லு மூட்டை கட்டிக்கொண்டு சந்தைக்கு ஓடினனான்" என்றார் அப்பா. "அப்ப உங்கட மருந்து வீட்டில நிக்குது. குளிசை மாதிரித்தான் இதுவும். ஒருநாள் விட்டாலும் உடம்பு காட்டித்தரும்" என்று அவள் சொன்னாள். நடக்க ஏலாத சிலருக்குச் சைக்கிள் ஓட ஏலும், இந்த நடுக்குவாத நோயின் விசித்திரம் அது என்று எனக்கும் விளங்கப்படுத்தினாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலும் இதுதான் எங்கள் வேலை. குளிசையைக் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்குமட்டும் கதிரையில் இருந்து எழும்பி இருக்கிற பயிற்சியும் கையை அகல வீசுகிற பயிற்சியும் செய்விப்பேன். பிறகு சைக்கிளைப் பிடித்து ஏற்றிவிடுவேன். ஒழுங்கையால் போய், கஜன் வீட்டு வாசலைத் தாண்டி, குளக்கட்டில் ஏறி, தண்ணீர் திறக்கிற துருசடிவரை போய்த் திரும்பி வருவார். குளக்கட்டில் விடிய வாகனம் இல்லை. பாதை நேர். வேர்த்து ஒழுக வந்து இறங்கினால் அன்றைக்கு முழுக்கச் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டுவார். சோற்றைத் தானே பிசைந்து தின்பார். ஓடாத நாளில் இரண்டையும் நான்தான் செய்யவேண்டும். குனிந்துகொண்டு வாயைத் திறப்பார். அந்த மனுசன் வாயைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார் தம்பி, நான் பார்க்கிறதை அவர் பார்க்கக்கூடாது என்று.

கஜனின் கோபம் வாய்க்காலில் தொடங்கியது. தண்ணீர் திறக்க முதல் ஆளாளுக்குத் தங்கள் வயலுக்கு நேரான வாய்க்கால் துண்டை வெட்டித் துப்புரவாக்கவேண்டும் என்பது உனக்குத் தெரியும். கமக்காரர் கூட்டத்தில் நான் எழும்பி, "அவருக்கு ஏலாது, வேற ஆரும் உதவி செய்யுங்கோ" என்று மட்டும் சொன்னேன். நோயின் பெயரைச் சொல்லவேண்டாம், நடுக்கம் பிடித்தவன் என்று ஊர் தன்னை இரக்கமாகப் பார்க்கக்கூடாது என்று அப்பா கேட்டிருந்தார். கஜன்தான் முன்வந்தான். "தவம் அண்ணையின்ர துண்டை நான் வெட்டுறன் டீச்சர்" என்றான். உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், இந்த வீட்டில் சோறு தின்றவன், நானும் ஓம் என்றேன். எங்கள் துண்டில், புல்லுக்குள் கிடந்த உடைந்த போத்தல் அவனுடைய உள்ளங்காலைக் கிழித்தது. தையல் போட்டுக் காலை இழுத்துக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறான், வாய்க்கால் வெட்ட ஏலாத தவம் அண்ணை அவனுக்கு முன்னால் சைக்கிளில் பறக்கிறார். ஒரு சிரிப்பு இல்லை, ஒரு தலையாட்டல் இல்லை. மரத்தில் செதுக்கின முகம். நோய் அந்த முகத்தை அப்படிப் பூட்டி வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஊரின் கண்ணுக்கு அது திமிர்.

அந்தக் காலை நடந்ததை, கூட நின்ற பெடியன் ஒருவன் பிறகு என் வாசலில் நின்று அழுது சொன்னான். அதை அப்படியே எழுதுகிறேன். குளக்கட்டு ஏறுகிற திருப்பத்தில் மூன்று பேர் நின்றார்கள். "அண்ணை, இறங்கும், ஒரு கதை இருக்கு" என்றான் கஜன். அப்பாவால் நினைத்தவுடன் பிரேக் பிடிக்க முடியாது. நோயால் குரலும் மெலிந்துவிட்டது, நிற்கிறேன் என்று அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. தாண்டிப் போய்விட்டார். "பார்த்தியளோடா, மதிக்கிறானே?" என்று ஓடிப்போய் மண்வெட்டிப் பிடியை முன்சில்லுக்குள் செருகினான். கம்பிகள் அறுந்தன. அப்பா ஹாண்டிலுக்கு மேலால் பறந்து, முகம் கிரவலில் தேய்பட விழுந்தார். "எழும்பி நட" என்றார்கள். எழும்பினார். கால் ஒட்டிக்கொண்டது. "சைக்கிள் ஓடுற கால் நடக்காதோ? நடிக்கிறியோடா நாயே?" நடக்காத கால்களுக்கே அடித்தார்கள், முதலில் மண்வெட்டிப் பிடியால், பிறகு உதை. விழுந்தவரின் தோளில் ஏறி மிதித்தார்கள். அவர் கத்தவில்லை. அவருக்குக் கத்துகிற குரல் எங்கே இருக்கிறது? முகத்திலும் நோவு தெரியவில்லை. "நோகேல்லையோ உனக்கு, நோகேல்லையோ?" என்று கேட்டுக் கேட்டு அடித்தானாம் கஜன். நொந்ததாக ஒரு சத்தம் போட்டிருந்தால் அவர்கள் அதோடு விட்டிருப்பார்கள். சைக்கிளைத் தூக்கி வாய்க்காலுக்குள் எறிந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மேய்ச்சலுக்கு மாடு சாய்த்துக்கொண்டு போன ஒருவர் வந்து சொல்லி, நான் பள்ளிக்கூடச் சேலையோடு ஓடினேன். கன்னத்துத் தோல் உரிந்து, அதற்குள் சின்னச் சின்னக் கல். ஒரு பல் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது, "சைக்கிளைப் பார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. "எங்கட வீட்டில திருப்பி அடிக்க ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சிட்டாங்கள்" என்று பதிவில் சொல்கிறாய். நான் அடித்தேன், தம்பி. மாட்டுக்காரரிடம் அப்பாவைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த அதே மண்வெட்டிப் பிடியை எடுத்தேன். கஜன் தன் வீட்டுக் கிணற்றடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். முதுகில் அடித்தேன். நிமிர்ந்தான், புருவத்தில் அடித்தேன். தோல் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வடிந்தது. "டீச்சர், டீச்சர்" என்றானே தவிரக் கையைத் தூக்கவில்லை. எனக்கு அது போதவில்லை. தலையைப் பார்த்து ஓங்கினேன். அதற்குள் அவனுடைய தாய் மலர் அக்கா குசினியால் ஓடிவந்து இடையில் கையை நீட்டினார். அடி அந்தக் கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தத்தை நான் யுத்தத்துக்குள்ளும் அவ்வளவு கிட்டக் கேட்டதில்லை. கேட்ட பிறகும் நான் இன்னொரு தரம் ஓங்கினேன் என்பதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும். கல்வியியற் கல்லூரியில் படித்தவள், பிள்ளைகளுக்குக் கைநீட்டக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள். மலர் அக்கா நிலத்தில் இருந்துகொண்டு, "அடியடி, ரெண்டையும் முறிச்சுப்போட்டுப் போ" என்று கத்தினபோதுதான் கை நின்றது. அடித்துக்கொண்டிருந்த நேரம் எனக்கு இனித்தது. பயமே இல்லை, பாரமே இல்லை. நீ அந்த இனிப்புக்காகத்தான் வரப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பயம்.

அதனால்தான் பொலிஸுக்கும் நான் போகவில்லை. அவர்களும் போகவில்லை. இரண்டு வீட்டிலும் இரத்தம் இருக்கிறது.

இன்னொன்றையும் கேள். கோபப்படாமல் கேள். நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் விடிய என் இடது கண் வீங்கி, கறுத்து மூடிக்கிடந்தது. அதற்கு முதலும் என் கையில், தோளில் கண்டல்களை நீ கண்டிருக்கிறாய். "நித்திரையில தெரியாமல் பட்டிட்டுது" என்று நான் சொன்னேன். எந்தப் பெண்ணும் சொல்கிற பொய் என்றுதான் நீ நினைத்தாய். அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு குசினிக்குள் வந்தார். நீ பாய்ந்து அவருடைய கழுத்தைப் பிடித்து அலுமாரியோடு சேர்த்து நெரித்தாய். "இனித் தொடுவீங்களோ? சொல்லுங்கோ, தொடுவீங்களோ?" அவருடைய முகம் நீலம் பாரித்தது, ஆனால் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "பார் அம்மா, ஒரு வெக்கம் இருக்கோ இந்த மூஞ்சையில" என்று நீ அந்த முகத்திலேயே குத்தினாய். அன்றைக்கு மூக்கால் வந்த இரத்தம் கோப்பைத் தேத்தண்ணிக்குள் விழுந்தது.

பிறகு யாழ்ப்பாணத்து நரம்பு வைத்தியர் அவரைப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாக என்னிடம், "நித்திரையில கத்துறவரோ, அடிக்கிறவரோ, உதைக்கிறவரோ?" என்று கேட்டார். நடுக்கம் வருவதற்குப் பல காலம் முதலே இந்த நோய் சிலருக்கு அப்படித் தொடங்குமாம். கனவில் யாரோ துரத்துவார்கள், உடம்பு உண்மையிலேயே எழும்பிச் சண்டை பிடிக்கும், விடிந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஞாபகம் இராது. நான் அந்தக் கதிரையில் இருந்து விம்மி விம்மி அழுதேன். திரும்பி வருகிற பஸ்ஸில், ஆனையிறவு தாண்டும்போது அப்பா சொன்னார்: "பெடியனுக்கு ஆறுதலாச் சொல்லு. அவன்ர கையை நினைச்சு அவன் துடிச்சுப்போவான்." நான் சொன்னேன். நீ எழும்பி வெளியே போனாய். அந்த மாதமே வவுனியாவில் வேலை கிடைத்துவிட்டது என்றாய். அதன்பிறகு அப்பாவின் முகத்தை நேரே பார்த்து நீ கதைத்ததை நான் காணவில்லை.

நான் உன் தாய், உன் வயதுக்கு மிகவும் மூத்தவளும் இல்லை. உன்னைப் பெறும்போது எனக்கே பத்தொன்பது வயது, உன்னோடு சேர்ந்துதான் வளர்ந்தேன். அதனால் சொல்கிறேன். உன் கோபத்தில் பாதி கஜன் மேல் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து அவரைக் குற்றவாளி என்று நீயும் நினைத்தாய், அவனும் நினைத்தான். அவனுடைய கையை வெட்டினால் உன் கை கழுவுப்படாது. அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. இப்போதும் அவனைக் கண்டால் என் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் நீ வெட்டினால் உன்னை மறியலில், கம்பிக்குப் பின்னால் பார்க்கப் போகவேண்டும், நீ வெட்டுப்பட்டால் சுடலைக்கு. இரண்டிடத்துக்கும் அப்பாவை என்னால் கூட்டிக்கொண்டு போக ஏலாது.

அதைவிட இன்னொரு பயம் இருக்கிறது, அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. அடிபட்ட நாளில் இருந்து அப்பா சைக்கிள் ஓடவில்லை. வீட்டுக்குள் செய்கிற பயிற்சிகளையும் விட்டுவிட்டார். கதிரையில் இருந்து எழும்பச் சொன்னால் தலையை ஆட்டுவார். உடம்பு இறுகிக்கொண்டு வருகிறது. முந்தாநாள் குளியலறை வாசலில் கால் ஒட்டி, நின்ற நிலையிலேயே சரிந்து விழுந்தார். சோறு தொண்டையில் சிக்குகிறது. பிசியோ மிஸ்ஸிடம் தனியாகக் கேட்டேன். "ஓடினா நோய் போகாது அம்மா. ஓடாட்டிக் கெதியாக் கட்டிலில விழுந்திடுவார். எப்பிடியாவது திருப்பி ஏத்துங்கோ" என்றாள். எப்படி ஏற்றுவது? குளக்கட்டுக்குப் போகிற ஒரே ஒழுங்கை கஜன் வீட்டு வாசலால் போகிறது. அந்த வாசலில் நீ ஒரு சொட்டு இரத்தம் சிந்தினால் அந்தப் பாதை அப்பாவுக்கு ஆயுளுக்கும் அடைபட்டுவிடும். பழிக்குப் பழி வாங்கிவிட்டேன் என்று நீ வவுனியாவுக்குப் போய்விடுவாய். அவர் இங்கே கட்டிலில் இறுகிக்கொண்டு கிடப்பார்.

அதனால் நான் போனேன். ஆஸ்பத்திரியில், பிளாஸ்டர் போட்ட கையோடு மலர் அக்கா வாங்கில் இருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். பிறகு அவர், முன்னால் பார்த்தபடியே, "பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கும் இப்பிடித்தான் அடிக்கிறனீங்களோ டீச்சர்?" என்றார். "மாவும் குழைக்க ஏலாது, தலைமயிரும் இழுத்துக் கட்ட ஏலாது. உங்கட கை முறிஞ்சு விழ எண்டுதான் ஒவ்வொரு நாளும் கும்பிடுறன்." நான் அப்பாவின் நோயைத் தொடக்கத்தில் இருந்து சொன்னேன். முகத்தைச் சொன்னேன், காலைச் சொன்னேன், என் கண் வீங்கின கதையையும் சொன்னேன். "இதைக் கூட்டத்திலயே சொல்லியிருக்கலாமேயடி விசரி" என்று மலர் அக்கா அழத் தொடங்கினார். "என்ர பெடியன் மனுசனை அடிச்சதெண்டு நினைச்சன். நோயையெல்லோ அடிச்சிருக்கிறான்." கண்ணைத் துடைத்துவிட்டு, "தவம் எங்கட வாசலால போகட்டும். ஒருத்தரும் தொடமாட்டினம். கஜனுக்கு நான் சொல்லுறன். ஆனா உங்கட மகன் வாளோட வாறானாம் எண்டு ஊரெல்லாம் கதை. வந்தா நான்தான் வாசலில நிப்பன். முறிக்கிறதுக்கு இன்னும் ஒரு கை மிச்சம் இருக்கு" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை தம்பி. நிற்பார்.

சைக்கிளுக்கு முன்சில்லு மாற்றிக் கொண்டுவந்து வைத்தேன். அப்பா அதைத் தொட்டும் பார்க்கவில்லை. இன்றைக்குப் பின்னேரம் உன் குரல்பதிவை நான் திரும்பவும் கேட்டுக்கொண்டிருக்க, அவர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. முழுதையும் கேட்டிருக்கிறார். நான் போனை மறைத்தேன்.

"எப்ப வாறானாம்?"

"சனிக்கிழமை விடிய எண்டுறான். நான் மறிக்கிறன், நீங்கள் யோசியாதேங்கோ."

"மறியாத. சனிக்கிழமை விடிய நான் சைக்கிள் ஓடுவன்."

"உங்களுக்கு விசரே? அவங்கள் வாற பாதையில?"

"ஓம். அந்தப் பாதையில."

அவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? ஆனால் சொல்லிவிட்டுக் கதிரையைப் பிடித்து இருந்தார், எழும்பினார், இருந்தார், எழும்பினார். நான் கேட்காமலே. நாளைக்கும் செய்வாராம், நாளையண்டைக்கு, சனிக்கிழமை, ஓடுவாராம். தோள் எப்படி என்று கேட்டேன். துருசடியில் இறங்கி ஆறவேண்டும். முந்தியென்றால் இடது கையைச் சீமெந்துத் திட்டில் ஊன்றி இறங்குவார். மிதித்த தோள் அதுதான், இனிப் பாரம் தாங்காது. "இறங்கேக்க ஆரும் பிடிக்கவேணும்" என்றார். ஆர் என்று நான் கேட்டேன். சுவரைப் பார்த்தபடி இருந்தார். அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் நான் அவரோடு இவ்வளவு காலம் வாழ்ந்தவள்.

இந்தப் பக்கத்தில் அவரை ஏற்றிவிடுவது நான். ஏற்றிவிட்டு அவருக்கு முன்னால் ஓடிப்போய்த் துருசடியில் நிற்க என்னால் ஏலாது. நீ வாளோடு வந்தாலும், அந்தக் குளக்கட்டில் உனக்கு முன்னால் முதலில் வருவது உன் அப்பாதான். நினைத்தவுடன் அவரால் நிறுத்த ஏலாது என்பதை உன்னோடு வருகிற பெடியளுக்குச் சொல்லிவை. தனியாக, வெறுங்கையோடு வந்தால் வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில் வா. விடியத் துருசடிக்குப் போய் நில். அவர் வந்தவுடன் ஹாண்டிலை ஒரு கையாலும் இடுப்பை மற்றக் கையாலும் பிடி. தோளைத் தொடாதே, நோகும். கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டால் இழுக்காதே, அவசரப்படுத்தாதே, அவருக்கு முன்னால் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிரு. வரும்.

வருகிறாயா இல்லையா என்று தெரிந்தால்தான் அவரைச் சைக்கிளில் ஏற்றுவதா விடுவதா என்று நான் முடிவெடுக்கலாம். இதை வாசித்தவுடன் ஒரு வரி பதில் போடு.

உன் அம்மா